சந்தனம் பட்ட பதிவேடு

அடையாறு பாலத்துக்குத் தெற்கே எந்த மருந்து தயாரானாலும் என் சிவப்புப் பேனாவைத் தாண்டாமல் அது வெளியே போனதில்லை. சரி, இது மிகை. ஒரே ஒரு ஆய்வுக்கூடம், அதுவும் வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பேனாகூட அவர்களுடையது. என் பேத்தி மதுவந்தி, நான் எதைச் சொன்னாலும் ஆடி மாதத்துத் தி.நகர் கடையில் வாங்குவது போலப் பாதித் தள்ளுபடி போட்டுத்தான் வாங்கிக்கொள்வாள். இன்று எழுதப் போவதற்குத் தள்ளுபடி கிடையாது. கோபத்தில் எழுதுகிறேன். கோபம் வந்தால் எனக்குக் கதை கட்ட வராது.

காந்தி நகரில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருக்கிறது அந்த ஆய்வுக்கூடம். மூலிகைகளிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களை உடம்பு ஏற்றுக்கொள்ளும் மருந்தாக்குவது அவர்கள் வேலை. முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்ற நான், அவர்களுடைய அறிக்கைகளின் ஆங்கிலத்தைத் திருத்தப் போனேன். அங்கே ஆங்கிலம் மட்டும்தான் கோணல் என்று நம்பித்தான் போனேன்.

தேசம்மாவை அங்கேதான் பார்த்தேன். ஊரூர் குப்பத்துக்காரி. வீட்டுக்காரர் லாசர் கடலுக்குப் போகிறவர். தாயார் மணலில் கருவாடு காயப்போட்டு விற்றவள். பத்தாவது முடித்த தேசம்மா, கண்ணாடிக் குடுவை கழுவ வந்து, பதினோரு வருஷத்தில் அந்தக் கூடத்தின் பாதி வேலையைத் தன் கைக்குக் கொண்டுவந்திருந்தாள். பதினோரு வருஷமும் ஒப்பந்தம்தான். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு காகிதம் வரும். வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. நிரந்தரம் ஆக்குகிறேன் என்று இயக்குநர் ஸ்ரீவத்சன் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொன்னதையெல்லாம் செய்துவிட்டதாகவே நம்பிவிடும் ஜாதி.

அப்போது நிலவேம்பில் மும்முரமாக இருந்தார்கள். மழைக்காலத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்காத சென்னைவாசி யார்? அந்தக் கசப்புக்குக் காரணமான பொருளின் பெயர் ஆண்ட்ரோகிராஃபோலைட். திக்காமல் மூன்று தடவை சொன்னாலே காய்ச்சல் விட்டுவிடும் என்பேன் நான். அதில் இரண்டு தொல்லைகள். ஒன்று, தண்ணீரில் சரியாகக் கரையாது. கரையாததை உடம்பு பெரும்பாலும் வந்த வழியே அனுப்பிவிடும். இரண்டு, எதையாவது செய்து கரைய வைத்துவிட்டால், அந்தப் புது உருவத்தில் அது நீண்ட நாள் நிலைத்து நிற்காது. சூடும் ஈரமும் பட்டால் மெல்ல மெல்ல வேறு எதுவாகவோ மாறிவிடும்.

முதல் தொல்லைக்கு ஓர் அழகான வழி உண்டு. மாவுச்சத்திலிருந்து செய்கிற ஒரு வகைச் சர்க்கரை. அதன் மூலக்கூறு அடியில்லாத தொன்னை போல இருக்கும். தொன்னையின் வெளிப்பக்கத்துக்குத் தண்ணீரோடு சிநேகம், உள்பக்கத்துக்கு ஆகாது. கசப்புப் பொருளை அந்தத் தொன்னைக்குள் உட்கார வைத்துவிட்டால் தொன்னையோடு சேர்ந்து அதுவும் கரையும். நாக்குக்குக் கசப்பும் குறையும். உட்கார வைப்பது எப்படி? இரண்டையும் கல்வத்தில் போட்டு, சொட்டுச் சொட்டாக நீர்க்கலவை விட்டு, பிசைய வேண்டும். பிசைந்தது தேசம்மா. அறிக்கையில் ‘நாற்பத்தைந்து நிமிடம்’ என்று போட்டிருந்தார்கள். அவள் கடிகாரத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

“முக்கா மணின்னு எழுதிகினு கீறாங்க மாமி. மழை நாள்ல ஒரு மணி ஆவும். குழவி சத்தம் சர சரன்னு வந்துகினு இருக்கும். அது மாறி சளப் சளப்புன்னு வரணும். அப்பதான் உள்ள போய் குந்திக்கிச்சுன்னு அர்த்தம்” என்றாள். அவள் லீவு போட்ட நாளில் மேல்படிப்பு படித்த ஒரு பிள்ளை சரியாக நாற்பத்தைந்து நிமிடம் பிசைந்தான். அந்தக் கலவையைத் தண்ணீரில் போட்டபோது பாதி அடியில் தங்கியது.

இரண்டாவது தொல்லை, அதாவது மருந்து நிலைத்து நிற்குமா என்பது, ஒரு பெட்டிக்குள் முடிவாகும். ஆளுயர ஃப்ரிட்ஜ் போன்ற அந்தப் பெட்டிக்குள் எப்போதும் நாற்பது டிகிரி சூடு, எழுபத்தைந்து சதவீத ஈரம். மே மாதச் சென்னையை உள்ளே அடைத்து வைத்தது போல. மருந்துப் பாட்டில்களை அதில் ஆறு மாதம் இடைவிடாமல் வைத்து, நடுநடுவே எடுத்து அளந்து பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் தேறினால்தான் மருந்துக்குக் கடைவாசல். சூட்டையும் ஈரத்தையும் தானாகவே பதிந்துகொள்ளும் கருவி ஒன்று பெட்டியிலேயே இருந்தது. ஒன்றரை வருஷமாக வேலை செய்யவில்லை. ஒன்றரை வருஷமாகப் பழுதுபார்க்கிறவன் அடுத்த வாரம் வந்துகொண்டிருந்தான்.

ஆகவே தேசம்மா கையால் எழுதினாள். காலை ஒன்பது மணி, மாலை ஐந்து மணி. தேதி, சூடு, ஈரம், குறிப்பு, கடைசியில் ‘தே’ என்று ஒரு கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் மாதா கோயிலில் பூசை முடிந்ததும், தலையில் போட்ட முக்காட்டோடு நேரே காந்தி நகருக்கு வந்து எழுதிவிட்டுப் போவாள். கிறிஸ்துமஸ், பொங்கல், தேர்தல், புயல் எதற்கும் அந்தக் கட்டம் காலியாக இருந்ததில்லை. ஞாயிறு வேலைக்கு வந்ததாக எந்தப் பதிவும் கிடையாது. கேட்டால், “கருவாட்ட காய வச்சிட்டு எங்கம்மா ஞாயித்துக்கெழமன்னு வூட்ல குந்திகினு இருந்துச்சா?” என்பாள்.

பிசைந்ததை உலர்த்திப் பொடியாக்கி அடைத்த நிலவேம்புப் பாட்டில்கள் ஜூன் மாதம் உள்ளே போயின. அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. இந்த ஊரில் அன்று ஆட்டோவுக்கும் மாலை உண்டு, தையல் மெஷினுக்கும் குங்குமம் உண்டு. அது தப்பென்று சொல்ல எனக்கு நாக்கு வராது. மயிலாப்பூரில் பிறந்தவள் நான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடத்தைக் கழுவித் துடைத்து, தராசு, நுண்ணோக்கி, பிசையும் கல்வம் எல்லாவற்றுக்கும் சந்தனமிட்டு, பொரிகடலை வைத்தார்கள். புத்தகங்களோடு தேசம்மாவின் பதிவேட்டையும் சரஸ்வதி முன்னால் அடுக்கிவிட்டார்கள். பூஜையில் வைத்த ஏட்டில் எழுதக் கூடாதல்லவா!

எல்லாக் கருவியும் ஓய்ந்திருந்தது; அந்தப் பெட்டி மட்டும் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டிருந்தது. அதுவும் ஓர் ஆயுதம்தானே, அதற்கும் ஒரு நாள் லீவு கொடுக்கக் கூடாதா என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். யாரென்று இப்போது நினைவில்லை. வயதாகிறது எனக்கு.

“அதானே!” என்றார் ஸ்ரீவத்சன். பஞ்சகச்சத்தில் கம்பீரமாக இருந்தார். “தேசம்மா, அதையும் அணைச்சுடுங்க.”

“இன்னா சார், அது ஆறு மாசம் நிக்காம ஓடணும்னு நீங்கதான சொன்னீங்கோ?”

“இன்னிக்கு அதுவும் சாமி. அணைங்க. சாயங்காலம் நானே போட்டுடறேன்.”

அவள் அணைத்தாள். சாயங்காலம் வந்தது, ஸ்ரீவத்சன் கதவைப் பூட்டிச் சாவியோடு ஸ்ரீரங்கத்துக்கு ரயிலேறிவிட்டார். சனிக்கிழமை தேசம்மா வந்தாள், பூட்டு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து வந்தாள், பூட்டு. வாசலில் நின்று போன் செய்தாள். “பெருமாள் சேவிச்சுண்டிருக்கேன், திங்கக்கிழமை பார்த்துக்கலாம்” என்று பதில் வந்ததாம். பெருமாளுக்கு இந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்திருந்தால் அவரே சாவியைக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

திங்கள் காலை கதவு திறந்தது. மூன்று நாள் ஓய்வெடுத்த பெட்டி ஆறிப் போய்க் கிடந்தது. உள்ளேயிருந்த ஈரமெல்லாம் குளிர்ந்து பாட்டில்களின் மேல் முத்து முத்தாகப் படிந்திருந்தது. தேசம்மா சுவிட்சைப் போட்டாள். சந்தனம் காய்ந்த அட்டையோடு பதிவேட்டை எடுத்து, ஐந்து கட்டங்களைக் காலியாக விட்டு, ஆறாவதில் ‘31’ என்று எழுதினாள். குறிப்பில்: ‘பூஜைக்காக அணைத்தது. மூன்று நாள் ஓடவில்லை. பாட்டில் மேல் தண்ணீர்.’ பிறகு ‘தே’.

அத்தோடு அங்கே எல்லோரும் அதை மறந்துபோனார்கள். டிசம்பரில் ஆறு மாதம் முடிந்தது. மருந்தை வாங்கப்போகும் கம்பெனியிலிருந்து ஜனவரியில் தணிக்கைக்கு வருகிறோம் என்று கடிதம் வந்தது. அப்போதுதான் ஸ்ரீவத்சன் பதிவேட்டைப் பிரித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அடுத்த மேஜையில் இருந்தேன். ஐந்து காலிக் கட்டங்களிலும் பென்சிலால் 40, 75 என்று நிரப்பியிருந்தார். ‘31’ஐயும் குறிப்பையும் வெள்ளை மை தடவி மூடியிருந்தார்.

“இது மேல பேனாவால எழுதி, கையெழுத்துப் போட்டுடுங்க தேசம்மா. கையெழுத்து மாறினா கண்டுபிடிச்சுடுவா.”

“ஓடாத மெஷின ஓடுச்சுன்னு எப்டி சார் எழுதுறது?”

“மூணு நாள்ல மருந்துக்கு என்ன ஆயிடப் போறது? ஒண்ணும் ஆகாது.”

“ஒண்ணும் ஆவலன்னா அதையே எழுதிடலாமே சார்.”

நான் வேதியியல் நடத்திய முப்பத்திரண்டு வருஷத்தில் இதைவிடச் சுத்தமான வாக்கியத்தைக் கேட்டதில்லை. ஸ்ரீவத்சனுக்கு அது காதில் ஏறவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

“உங்க பர்மனெண்ட் ஆர்டர் என் டிராயர்ல டைப் பண்ணி ரெடியா இருக்கு. மார்ச்ல காண்ட்ராக்ட் முடியறது. நீங்கதான் முடிவு பண்ணணும்.”

பதினோரு வருஷம் வராத காகிதம் ஐந்து பொய்யான கட்டங்களுக்கு வந்துவிட்டது! லாசருக்குத் தோள்பட்டை விலகி அந்த வருஷம் சரியாகக் கடலுக்குப் போகவில்லை. அந்த வீட்டில் மாதம் தவறாமல் வந்தது இவள் சம்பளம் ஒன்றுதான். இது எனக்கும் தெரியும், ஸ்ரீவத்சனுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

“சார், கருவாடு மூணு நாள் வெயில் காணாம கெடந்துச்சின்னு வையி. காஞ்சிச்சின்னு நோட்டுல எழுதிட்டா புழு படிச்சிப் பார்த்துட்டு வராம போயிடுமா?” என்றாள். அவள் குரலில் ‘வையி’ வந்துவிட்டால் மரியாதை வெளியே போய்விட்டது என்று அர்த்தம். பதிவேட்டை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போய், கட்டைவிரல் நகத்தால் வெள்ளை மையைச் சுரண்ட ஆரம்பித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ‘31’ வெளியே வந்தது.

அன்று எனக்குத் திருத்தக் கொடுத்த அறிக்கையில், ‘தவிர்க்க முடியாத மின்தடை காரணமாகச் சிறு இடைவெளி’ என்று பாதுகாப்புக்கு ஒரு வரி இருந்தது. அதைச் சுக்குநூறாகக் கிழித்து அடையாற்றில் விட்டேன். அதாவது, விட்டிருக்க வேண்டும். ‘மின்தடை’ பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பெரிய கேள்விக்குறி.

ஜனவரியில் தணிக்கைக்கு வந்தவர் அதீபா. முப்பது வயதுப் பெண், பார்வைக்குச் சாது. பதிவேட்டை விரித்து ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். அக்டோபரில் விரல் நின்றது. பென்சில் எண்கள், சுரண்டிய மை, நடுவில் 31. பிறகு அட்டையைத் திருப்பி மோந்து பார்த்தார்.

“சந்தனமா?”

“மின்தடை மேடம், அந்த வாரம்...” என்று ஆரம்பித்தார் ஸ்ரீவத்சன்.

“மின்தடைக்குச் சந்தனம் வைப்பீங்களா சார்?” என்றார் அதீபா. கடைசி நெடுவரிசையைத் தொட்டு, “இந்த ‘தே’ யாரு?” என்று கேட்டார்.

தேசம்மா முன்னால் வந்தாள். ஸ்ரீவத்சனைப் பார்க்கவில்லை; பார்த்தால் மார்ச் மாதம் தெரிந்திருக்கும். “நான்தான் மேடம். பூசைக்கு மெஷின அணைச்சிட்டாங்கோ. மூணு நாள் ஓடல. பென்சில் என்னுது இல்ல.”

“யார் அணைச்சது?”

“நான்தான். சார் அணைக்கச் சொன்னாரு.”

“யாரோட யோசனை இது?”

தேசம்மா தரையைப் பார்த்தாள். அதீபா மறுபடி கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். “அதெல்லாம் அதுல எழுதல மேடம்” என்று மட்டும் சொன்னாள். ஸ்ரீவத்சனோ, நல்ல யோசனை கெட்ட யோசனை எல்லாமே தன்னுடையதுதான் என்று நினைக்கிற மனிதர். முகம் சிவந்து நின்றார்.

நான் அப்போது எழுந்து நின்று, இடி முழக்கம் போல... சரி, எழவில்லை, முட்டிவலி. உட்கார்ந்தபடியே “அவ சொல்றது வாஸ்தவம்” என்றேன். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.

“எங்க லேப்லயும் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்போம் சார்” என்றார் அதீபா. “ஓடிக்கிட்டிருக்கும்போதே வைப்போம்.”

தீர்ப்பு ஒரு வாரத்தில் கடிதமாக வந்தது. பழைய ஆறு மாதம் செல்லாது; புதுப் பாட்டில்களோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்; பதிகிற கருவியைப் பழுதுபார்க்க வேண்டும்; அதுவரை, கட்டத்தைக் காலியாக விட்ட அதே ஆள்தான் பதிவேட்டை எழுத வேண்டும். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மார்ச்சில் தேசம்மாவுக்குக் காகிதம் வந்திருக்காது. வந்தது. வழக்கமாக ஒரு வருஷத்துக்கு வருவது இந்தத் தடவை ஆறே மாதத்துக்கு. சோதனை எத்தனை மாதமோ அத்தனை மாதம்! டிராயரில் இருந்த நிரந்தர ஆணை டிராயரிலேயே நிரந்தரமாகிவிட்டது.

என் வயிறு எரிவது இதற்கு மட்டுமில்லை. புதுச் சோதனைக்கு முன்னால் ஸ்ரீவத்சன் ஒரு மாற்றம் செய்தார். பாட்டிலுக்குப் பதில் ஈரம் புகாத அலுமினியப் பை. அதற்கு முன் பொடியை இன்னும் ஒரு நாள் கூடுதலாக உலர்த்துவது. இப்போது நாலு மாதம் ஆகிறது. பைக்குள் பொடி மணல் மாதிரி உதிர்கிறது, மருந்தின் அளவும் இறங்கவில்லை. இதைப் பற்றிப் பேச அவரைக் கிண்டியில் ஒரு மாநாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அறிக்கை என் மேஜைக்கு வந்தது: ‘எமது ஆழ்ந்த ஆய்வின் விளைவாக.’

பழைய பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஆகஸ்ட் பன்னிரண்டு, குறிப்பு நெடுவரிசை, நீல மை: ‘பொடி கட்டி கட்டுது. மூடி வழியாக ஈரம் போகுது. அலுமினியப் பையில் போட்டால் தேவலை. இன்னும் ஒரு நாள் காயணும்.’ பிறகு ‘தே’. பூஜைக்கு இரண்டு மாதம் முன்னால்! எழுதிய குறிப்பை ஒருவரும் படிக்கவில்லை. காலியாக விட்ட கட்டங்களை மட்டும் எல்லோரும் படித்தார்கள். அறிக்கையில் நன்றி சொல்லும் இடத்தில் அவள் பெயரைச் சிவப்பில் சேர்த்தேன். அடித்து அனுப்பினார்கள். மறுபடி சேர்த்தேன். மறுபடி அடித்தார்கள். மூன்றாம் தடவை சேர்த்துவிட்டுப் பேனாவை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். செப்டம்பரில் தேசம்மாவின் ஆறு மாதக் காகிதம் முடிகிறது. இதை அதற்குள் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடித்து, பெட்டியைப் பார்த்து எழுதிவிட்டு, வழக்கம்போல என் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தாள் தேசம்மா. இவ்வளவையும் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஆகஸ்ட் பன்னிரண்டு வந்தபோது மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

“எப்படி?” என்றேன்.

“நல்லாத்தான் கீது மாமி. ஒரு எடம் மட்டும் மாத்தணும்.”

“எது, அந்த அடையாத்துல கிழிச்சு விட்டதா? அதான் நானே ஒத்துண்டுட்டேனே.”

“அது இல்ல. அதுவும் ஒரு ஆயுதம்தானே, லீவு குடுக்கக் கூடாதான்னு யாரோ சொன்னாங்கன்னு போட்டுகினு கீறீங்களே. யாரோ இல்ல மாமி. சந்தனக் கிண்ணத்த கையில வச்சிகினு பெட்டி பக்கத்துல நின்னது நீங்கதான். அந்த மேடம் மூணு தபா கேட்டாங்கோ, நான் பேர் சொல்லல. ஆனா நோட்டுல எழுதுறதுன்னா சரியா எழுதிடுங்கோ.”